கோர்ஸ் செய்வதற்கு முன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். தோட்டப் பாடசாலையொன்றில் ஏழு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறாராம். கொரோனா காலத்தில் வட்ஸ்அப்பில் குரல்பதிவும் படமும் அனுப்பிப் பாடம் நடத்தியதில் பிடித்துப்போய், இப்போது ஒன்லைன் கற்றலுக்குப் பாடம் வடிவமைக்கும் வேலைக்கு, அதாவது இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனுக்கு, வரலாமா என்று யோசிக்கிறார். கொழும்பில் ஓரிடத்தில் 85,000 ரூபாய்க்கு ஒரு மென்பொருள் கோர்ஸ் இருக்கிறது, அதைப் படிக்கட்டுமா, என் ஆங்கிலம் போதுமா, வேலையை விட்டுவிடலாமா என்று மூன்று கேள்வி.

முதல் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: அந்த 85,000 ரூபாயைக் கையிலேயே வைத்திருங்கள். மற்றதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

இந்த வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தோட்டங்களை நடத்தும் ஒரு கொம்பனி, மருந்தடிக்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று போனிலேயே பார்க்கிற மாதிரி வேண்டும் என்றது. உயிரைக் கொடுத்துச் செய்தேன். 42 ஸ்லைட். தமிழும் சிங்களமும். குரல், அசையும் படம், கையுறை போட்டால் கைதட்டல் ஒலி, கடைசியில் பத்துக் கேள்வி. எல்லாரும் 80 புள்ளிக்கு மேல். கொம்பனியில் பாராட்டினார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறொரு கோர்ஸுக்குப் படமெடுக்க அதே தோட்டத்து டிவிஷன் ஒன்றுக்குப் போனேன். காலைப் பெரட்டு, அதாவது ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற கூட்டம், முடிந்து மருந்து கலக்குகிறார்கள். வெறுங்கை. ஒரு மாமாவிடம் கேட்டேன், கோர்ஸ் பார்த்தீங்களா என்று. "பார்த்தேன் புள்ள, தொண்ணூறு எடுத்தேன்" என்றார். அப்புறம் ஏன் கையுறை இல்லை? "அது மருந்துக் காம்பராவுக்கு உள்ளுக்குப் பெட்டியில பூட்டி இருக்கு. பெட்டிச் சாவி கிளாக்கர் ஐயாகிட்ட. அவரு வர்றது எட்டு மணிக்கு. எட்டு மணி வரைக்கும் நிண்டா காத்து எழும்பிரும், அப்புறம் அடிக்க ஏலாது."

அவருக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கையுறை ஏன் வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்திருப்பார். அங்கே குறையாக இருந்தது அறிவு இல்லை, ஒரு சாவி. கோர்ஸ் செய்வதற்கு முன் ஒரேயொரு காலை அங்கே போய் நின்றிருந்தால், "இதற்கு கோர்ஸ் வேண்டாம் ஐயா, சாவியின் நேரத்தை மாற்றுங்கள், அதோடு கலக்கும் இடத்தில் ஒட்ட ஒரு பக்கப் படம் தருகிறேன்" என்று சொல்லியிருப்பேன். பில் தொகை குறைந்திருக்கும், ஆனால் அந்தக் கொம்பனி அடுத்த பத்து வருடத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டிருக்கும்.

ஆகவே இந்தத் தொழிலின் முதல் பாடமாக நான் சொல்வது மென்பொருள் இல்லை, விசாரிக்கத் தெரிவது. யாராவது "எங்களுக்கு ஒரு கோர்ஸ் வேண்டும்" என்று வந்தால், அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், என்ன செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்க வேண்டும். ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1970ஆம் ஆண்டளவில் இதற்கு ஒரு கேள்வி வைத்திருந்தார். உயிர் போகிற காரியம் என்றால் அந்த ஆள் அதைச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் அவருக்கு ஏற்கெனவே தெரியும், பிரச்சினை பயிற்சியில் இல்லை. செய்யத் தெரியாது என்றால்தான் உங்களுக்கு வேலை. அந்த மாமாவை இந்தக் கேள்வியில் நிறுத்திப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

சரி, ஆசிரியையாக இருப்பதால் உங்களுக்கு என்ன லாபம்? நிறைய. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்தால் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு என்று வரிசையாக இருக்கும் இல்லையா? நாமெல்லாம் பாடக்குறிப்பு எழுதும்போது சலித்துக்கொண்டே பார்த்து எழுதுகிற சொற்கள். வெளியே இந்தத் தொழிலில் ஆட்கள் காசு கட்டிக் கற்பதும் அதையேதான். "இந்தப் பாடத்தின் முடிவில் மாணவர் இன்னதைச் செய்வார்" என்று ஒரு வாக்கியத்தை அளந்து பார்க்கக்கூடிய வினைச்சொல்லோடு எழுதத் தெரிந்தவர் பாதித் தூரம் வந்துவிட்டார். "விளங்கிக்கொள்வார்", "அறிந்துகொள்வார்" இரண்டும் இந்த வேலையில் செல்லாக்காசு. விளங்கியதை எப்படிப் பார்ப்பது? "மூன்று இலை மாதிரிகளில் எது முத்தல் என்று பிரித்துக் காட்டுவார்" என்றால் பார்க்கலாம். பெஞ்சமின் புளூமும் கூட்டாளிகளும் கற்றல் இலக்குகளுக்கு 1956இல் போட்ட படிநிலையும் அதன் 2001ஆம் ஆண்டுத் திருத்தமும் உங்களுக்குப் புதிதாக இருக்காது, கல்வியியற் கல்லூரியில் மனப்பாடம் செய்தது அப்படியே இங்கே உதவும்.

கூடவே ஒரு கெட்ட பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. வகுப்பில் நாம் எவ்வளவு குழப்பமாகச் சொன்னாலும் பின்வாங்கில் இருக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சரி செய்துகொள்வோம். "என்னடா முழிக்கிற? சரி, வேற மாதிரி சொல்றேன்." ஒரு 40 நிமிடப் பாடத்தில் இதை இருபது தடவை செய்கிறோம், செய்வது நமக்கே தெரியாது. ஒன்லைன் பாடத்தில் அந்த முகம் இல்லை. பிள்ளை முழிக்கப்போகிற இருபது இடத்தையும் நீங்கள் எழுதும்போதே கண்டுபிடிக்க வேண்டும். நல்ல பேச்சாற்றல் உள்ள ஆசிரியர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு மருந்து, பாடத்தை வெளியே விடுவதற்கு முன் ஒரேயொரு ஆளிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு பார்ப்பது. வாயை மூடுவதுதான் கஷ்டம். ஒரு தடவை எங்கள் சித்தியிடம் போனைக் கொடுத்தேன், கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர். கேள்விக்குச் சரியான விடையைத் தொட்டார். அப்புறம் அப்படியே இருக்கிறார். கீழே "சமர்ப்பி" என்று பெரிய பச்சைப் பொத்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் சித்தி தலையைத் தூக்கி, "யாருக்குச் சமர்ப்பிக்கணும், சாமிக்கா?" என்றார். அன்றிலிருந்து என் பாடங்களில் அந்தப் பொத்தானில் "சரி" என்றுதான் இருக்கும்.

கேள்வி எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை கேட்கும்போது நீங்கள் காட்டுகிற மாதிரிக் கோப்பைப் பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். நான் முதலில் எழுதிய மருந்துக் கோர்ஸில் இப்படி ஒரு கேள்வி இருந்தது:

பாதுகாப்பு உபகரணங்களை அணிவதன் நோக்கம் யாது? அ) உடலைப் பாதுகாத்தல். ஆ) அழகாகத் தோன்றுதல். இ) நேரத்தைப் போக்குதல்.

பாடத்தைத் திறக்காமலே விடை சொல்லலாம். எல்லாரும் 80 எடுத்ததில் என்ன அதிசயம்? இன்றைக்கு எழுதினால் இப்படி எழுதுவேன்:

காலை ஒன்பதரை. காற்று மேட்டிலிருந்து லயத்துப் பக்கம் திரும்பிவிட்டது. இன்னும் இரண்டு டாங்கி மருந்து மீதம். கணக்கப்பிள்ளை "கொஞ்சந்தானே, முடிச்சிட்டுப் போயிருங்க" என்கிறார். என்ன செய்வீர்கள்? அ) காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாக அடித்து முடிப்பேன். ஆ) லயத்துக்குக் கிட்ட உள்ள நிரைகளை விட்டுவிட்டு மற்றதை அடிப்பேன். இ) நிறுத்திவிட்டு, காற்று அடங்கட்டும் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்வேன்.

மூன்றும் மலையில் உண்மையிலேயே நடக்கிறவை. "ஆ" நியாயம் போலவே தெரியும், அங்கேதான் ஆள் மாட்டுவார். அவர் "ஆ"வைத் தொட்டால் சிவப்பில் "தவறு" என்று போடாதீர்கள். பத்து நிரை தள்ளி அடித்த மருந்து காற்றோடு பீலிக்கரையில் துணி துவைக்கிறவர்கள் மேல் படிவதை ஒரு படத்தில் காட்டுங்கள், போதும். கணக்கப்பிள்ளையின் அந்த வாக்கியம் கேள்வியில் இருப்பதும் முக்கியம். தோட்டத்தில் யாரும் தனியாக முடிவெடுப்பதில்லை, மேலே இருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதுதான் உண்மையான பாடம். இப்படி ஒரு கேள்வி எழுத, மருந்தடிக்கிறவரோடு அரை மணி நேரம் பேசியிருக்க வேண்டும். மேசையில் இருந்து எழுத வராது.

இப்போது சாட்ஜிபிடி ஒரு நிமிடத்தில் இருபது கேள்வி எழுதித் தருகிறது, இனி இந்தத் தொழில் இருக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அது தருவது பெரும்பாலும் முதல் வகைக் கேள்வி. பவர்பொயின்ட்டை அப்படியே கோர்ஸாக மாற்றித் தருகிற வேலைக்குக் கூலி இறங்கத்தான் போகிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கிற வேலை இறங்காது.

கோட்பாடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நேர்முகப் பரீட்சையில் கேட்பார்கள். "ஆடி" (ADDIE) என்று பாடம் வடிவமைக்கும் ஒரு முறை (ஆடி மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை): ஆராய்தல், வடிவமைத்தல், உருவாக்குதல், நடைமுறைப்படுத்தல், மதிப்பிடுதல் ஆகிய ஐந்து கட்டங்களின் ஆங்கில முதலெழுத்துகள். 1975இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க இராணுவப் பயிற்சிக்காக உருவாக்கியதிலிருந்து வந்தது. ராபர்ட் கான்யேயின் ஒன்பது கற்பித்தல் படிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜோன் சுவெலர் 1988இல் எழுதிய மூளைச்சுமைக் கோட்பாடு, ஒரே நேரத்தில் ஆளுக்கு எவ்வளவு திணிக்கலாம் என்பதைப் பற்றியது. டொனால்ட் கேர்க்பட்ரிக் 1959இல் சொன்ன நான்கு மட்ட மதிப்பீடு: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் கிடைத்ததா. என் மருந்துக் கோர்ஸ் முதல் இரண்டிலும் பாஸ், மூன்றாவதில் படுதோல்வி. இந்தக் கதையை நேர்முகப் பரீட்சையில் சொன்னபோது கிடைத்த மரியாதை எந்தச் சான்றிதழுக்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கொள்கைகளை மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். திரையில் உள்ள எழுத்தையே குரலிலும் வாசித்தால் கற்றல் குறையும் என்பது அவற்றில் ஒன்று. பவர்பொயின்ட்டைப் பார்த்து வாசிக்கும் விரிவுரையில் நமக்குத் தூக்கம் வந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் கூடாது. தனக்குப் பழக்கமில்லாத மொழியில் கற்கிறவருக்கு எழுத்தும் குரலும் சேர்ந்திருப்பது உதவும் என்று மேயரே விதிவிலக்குச் சொல்லியிருக்கிறார். எழுத்துக்கூட்டி மெதுவாக வாசிக்கிற பெரியவர்களுக்குச் செய்யும்போது நான் திரையில் எழுத்தையே எடுத்துவிட்டுப் படமும் குரலுமாக வைக்கிறேன்.

இனி மொழி. உங்கள் இரண்டாவது கேள்வி ஆங்கிலம் போதுமா என்பது. வெளிநாட்டு வேலைக்கு எழுத்தில் தெளிவான ஆங்கிலம் வேண்டும், இதில் பூசி மெழுகப் போவதில்லை. ஸ்டோரிபோர்ட் (பாடத்தைத் திரை திரையாக எழுதிக் காட்டும் காகித வரைவு) ஆங்கிலத்தில், மின்னஞ்சல் ஆங்கிலத்தில், திருத்தம் எல்லாம் ஆங்கிலத்தில். உச்சரிப்புப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஆனால் "இந்தக் கட்டத்தில் எனக்கு இந்தத் தகவல் தேவை" என்று நாலு வரியில் குழப்பமில்லாமல் எழுத வேண்டும். கொழும்பு வேலைக்குச் சிங்களமும் வேண்டும். ஒரு தொழிற்சாலையில் மெஷினைப் பற்றிச் சொல்லித்தரப் போகிறவர் பெரும்பாலும் சிங்களத்தில்தான் சொல்வார். மலையகத்தில் பிறந்த நம்மில் பலருக்கு இந்த மூன்றும் ஓரளவு கைவரும். நாம் அதை ஒரு தகுதியாகவே எண்ணுவதில்லை, கடைத்தெருவில் பேசப் பழகியதுதானே என்று விட்டுவிடுகிறோம். சுயவிபரக் கோவையில் முதல் வரியில் போடுங்கள்.

அதைவிடப் பெரிய தகுதி, தோட்டத்துத் தமிழ் தெரிவது. எனக்குத் திருத்தக் கொடுத்த ஒரு கோர்ஸில் "தனியாள் பாதுகாப்பு உபகரணங்களை அணிந்த பின்னர் களைநாசினியைப் பிரயோகிக்கவும்" என்று இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அதைக் கேட்கப்போகிறவர் வாழ்நாளில் "களைநாசினி" என்று சொன்னதில்லை. "கையுறை, பூட்ஸ், முகமூடி போட்ட பிறகு மருந்தை அடிங்க" என்று மாற்றினேன். தொழிற்சாலை என்றால் ஸ்டோர், வெட்டிவிடுவது என்றால் கவ்வாத்து, அறை என்றால் காம்பரா. கொழும்பில் இருந்து மொழிபெயர்க்கிறவருக்கு இது அகராதியில் கிடைக்காது. உங்களுக்கு வீட்டிலேயே கிடைக்கிறது.

தமிழில் வேலை செய்வதன் தொழில்நுட்பத் தலைவலிகளையும் சொல்லிவைக்கிறேன். நம் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அதை அப்படியே எடுத்து ஒன்லைன் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை கொட்டினது போல் வரும். கையில் வந்ததை முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றிய பிறகு ஒரு தடவை முழுதாக வாசியுங்கள், ஏனென்றால் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு வரியில் நிற்பது தமிழில் ஒன்றரை வரி கேட்கும். பொத்தானும் பெட்டியும் அளவெடுத்துச் செய்திருந்தால் எழுத்து வெளியே தொங்கும். குரலுக்கு ஆள் இல்லை என்றால் மைக்ரோசொஃப்டின் அஷூர் என்ற இணையச் சேவையில் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்று இரண்டு கணினிக் குரல்கள் இருக்கின்றன. மாதிரிக்குப் போதும். ஆனால் "பெரட்டு" என்பதை ஒரு கணினி சொல்வதைக் கேட்டால் தோட்டத்தில் சிரிப்பார்கள். என்னால் முடிந்த இடத்தில் எல்லாம் ஊரில் ஒருவரையே பேசவைத்து, ஓடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் சுத்தம் செய்கிறேன். போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு போனில் பதிந்தால், தகரக் கூரையில் மழை பெய்யாத நேரமாக இருந்தால், போதுமான தரம் வந்துவிடும்.

மென்பொருள். கோர்ஸ் கட்டுவதற்கான ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் என்ற பெயரை வேலை விளம்பரங்களில் அதிகம் பார்ப்பீர்கள். விண்டோஸில் மட்டும்தான் ஓடும், வருடச் சந்தா ஆயிரம் டொலருக்கு மேல். உங்கள் காசில் வாங்கத் தேவையில்லை. 30 நாள் இலவசமாகப் பயன்படுத்த விடுவார்கள். அந்த 30 நாளை வீணாக்காமல், மாதிரி ஒன்றை முழுதாகக் காகிதத்தில் எழுதி முடித்த பிறகே தரவிறக்குங்கள். அதற்கு முன், தொட்டுப் பதில் சொல்கிற மாதிரிப் பாடம் செய்ய உதவும் எச்5பி என்ற கருவி போதும், அது இலவசம். எச்5பி பாடங்களை லுமி என்ற செயலியில் இணையம் இல்லாமலே லெப்டொப்பில் செய்யலாம், செய்து ஸ்கோர்ம் கோப்பாகவும் எடுக்கலாம். நம் பக்கத்து சிக்னலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஸ்கோர்ம் என்றால் என்ன என்று பயப்பட வேண்டாம். பாடத்தை ஒரு ஸிப் பொதியாகக் கட்டி, "இன்னார் முடித்தார், இத்தனை புள்ளி" என்று எந்தத் தளத்துக்கும் சொல்லத் தெரிகிற மாதிரி வைக்கும் பொது ஒழுங்கு, அவ்வளவுதான். கொழுந்து நிறுத்துத் துண்டில் எழுதிக் கொடுப்பது போல. எந்தத் தோட்டத்துத் துண்டும் ஒரே வடிவத்தில் இருந்தால் எந்தக் கிளாக்கரும் பதியலாம் இல்லையா? பாடத்தை ஏற்றி நடத்துகிற தளம் என்றால் மூடிலைப் பழகுங்கள். மார்ட்டின் டூகியாமாஸ் ஆஸ்திரேலியாவில் உருவாக்கி 2002இல் வெளியிட்டது. இலவசம், நம் பல்கலைக்கழகங்களிலும் பரவலாக இருக்கிறது. அவர்களுடைய சோதனைத் தளத்தில் நிர்வாகியாகவே நுழைந்து எதை வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம். மணிக்கொருமுறை எல்லாம் அழிந்து புதிதாகிவிடும். மூடில் அகடமியில் பாடங்களும் இலவசம். அப்புறம் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளத்தில் ஓர் இலவசப் பாடநெறியில் மாணவராகச் சேர்ந்து, எங்கே சலிக்கிறது, எங்கே இழுக்கிறது என்று கொப்பியில் குறித்துக்கொண்டே படியுங்கள். 85,000 ரூபாயை ஏன் கையில் வைத்திருக்கச் சொன்னேன் என்று இப்போது விளங்கும். அதில் ஒரு பகுதியை நல்ல ஹெட்செட்டுக்கும் பழைய லெப்டொப்புக்கு ரேம் கூட்டவும் செலவழியுங்கள்.

மாதிரிக் கோப்புக்கு மூன்று சின்ன வேலை போதும், அதில் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது நம் பிள்ளைகள் சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்றது நினைவிருக்கும். லயத்தில் ஒரு போன், அதற்கு மூன்று பிள்ளைகள், டேட்டா கார்ட் நூறு ரூபாய்க்கு. அந்த நிலைமைக்கு நீங்கள் வீடியோ அனுப்பாமல் குரல்பதிவு அனுப்பினீர்கள் அல்லவா? ஒரு பக்க ஒலிவழியில் 64 கிலோபிட்டில் பத்து நிமிடம் பேசினால் 5 எம்பிகூட வராது. தற்செயலாகவோ தெரிந்தோ நீங்கள் செய்தது வடிவமைப்பு முடிவு. எந்தப் பாடம், எந்தப் பிள்ளைகளுக்கு, என்ன தடை, எதை ஏன் தேர்ந்தீர்கள், எது சரிவரவில்லை என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரும் முகமும் வேண்டாம். 2022இல் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் சேருங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் குறைந்த இணைய வசதியுள்ள இடங்களுக்கு வடிவமைக்கத் தெரிந்தவர்களைத் தேடும்போது, அதைப் புத்தகத்தில் படித்தவர்கள்தான் அதிகம் கிடைக்கிறார்கள்.

மற்ற இரண்டில் ஒன்று, மேலே சொன்ன மாதிரி ஒரு சூழல் கேள்வியை மையமாக வைத்து ஐந்து நிமிட எச்5பி பாடம். மற்றது ஒரு பக்கக் கையேட்டுப் படம். வங்கி அட்டையில் முதல்முறை காசெடுக்கிறவருக்கோ, கிளினிக் கொப்பியைப் பார்த்து அடுத்த திகதியைக் கண்டுபிடிக்கிற அம்மாவுக்கோ. ஒவ்வொன்றோடும் ஸ்டோரிபோர்டையும் வையுங்கள்: இடப்பக்கம் திரையில் தெரிவது, வலப்பக்கம் குரலில் கேட்பது, கீழே பொத்தானைத் தொட்டால் நடப்பது. முடிந்த பாடத்தைவிட இந்தக் காகிதத்தைத்தான் நான் ஆள் எடுக்கும்போது பார்ப்பேன்.

வேலை தேடும்போது ஒரே பெயரில் தேடாதீர்கள். லேர்னிங் டிசைனர், ஈ-லேர்னிங் டெவலப்பர், கன்டென்ட் டெவலப்பர், எல்எம்எஸ் (மூடில் போன்ற கற்றல் தளம்) அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒரே குடும்பத்தில் பல பெயர். வங்கிகள், ஆடைத் தொழிற்சாலைகள், தொலைத்தொடர்பு, தொண்டு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. நம் ஆட்களுக்கு எளிதாகத் திறக்கிற கதவு, தமிழாக்கமும் சரிபார்ப்பும். அதில் நுழைந்து, திருத்திக் கொடுக்கும்போது "இந்தக் கேள்வி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேலை செய்யாது, இப்படி மாற்றலாமா" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். நான் மொழிபெயர்ப்பில் இருந்து வடிவமைப்புக்கு வந்தது அப்படி ஒரு வரியால்தான்.

தனியாகச் செய்தால் விலை பேசும்போது எத்தனை தடவை திருத்தம் என்பதை எழுத்தில் போடுங்கள். நான் போடாமல் விட்டு ஒரே பாடத்தைப் பதினொரு தடவை திருத்திக் கொடுத்தேன், கடைசித் திருத்தம் முதல் பிரதிக்கே திரும்பி வந்தது. இப்போது இரண்டு தடவை, மூன்றாவதுக்குத் தனிக் காசு. வெளிநாட்டுப் பணத்தை பேயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக நம் வங்கிக் கணக்குக்கு எடுக்கலாம். 2025 ஏப்ரலில் இருந்து அந்த வருமானத்துக்கும் வரி உண்டு, ஆகக்கூடியது 15 வீதம். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு இருப்பதால் ஆரம்பத்தில் உங்களைத் தொடாது, ஆனால் வந்த ஒவ்வொரு கொடுப்பனவையும் முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள்.

கடைசிக் கேள்வி: வேலையை விடலாமா? இப்போது வேண்டாம். அரசாங்க ஆசிரியர் என்றால் அரசாங்க ஊழியருக்கான விதிப்புத்தகமான தாபனக் கோவைப்படி வெளியில் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி எடுக்க வேண்டும், அதை அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் கேட்டுக்கொள்ளுங்கள். மாதிரிக் கோப்புச் செய்வதில் காசு இல்லை என்பதால் அதற்குள் அதை முடிக்கலாம். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளுக்கு ஒவ்வொன்றாக வைத்தால் ஒரு வருடத்தில் மூன்றும் கையில். வெளியிலிருந்து ஆறு மாதம் தொடர்ந்து வேலை வந்தால் அப்போது மறுபடி பேசுவோம்.

முதல் ஸ்டோரிபோர்ட் எழுதியதும் எனக்கு அனுப்புங்கள் தங்கச்சி, பார்த்துச் சொல்கிறேன். பாமினியில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.